ஆரூரனின் மின்சட்டி

1

மகனின் ஆண்டுத் திவசத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டில் நான் மாட்டிறைச்சி சமைத்தேன். ஊரில் இதைப் படிப்பவர்களுள் சிலர் இந்த ஒரு வரியோடு பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அறுபத்தெட்டு வயதுவரை நானும் அவர்கள் பக்கத்தில் இருந்தவன்தான்.

பாரிசின் வடக்கே லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, மின்தூக்கி இல்லாத ஒரு பழைய கட்டிடத்தின் நான்காம் மாடியில் நானும் மனைவி பவளமும் வசிக்கிறோம். மெத்ரோ இங்கே நிலத்துக்கு அடியில் போகாமல் இரும்புப் பாலத்தின்மேல் போகும். போகும்போது யன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். வந்த புதிதில் அந்த அதிர்வுக்கு விழித்துக்கொள்வோம். பிறகு அது நின்றால் விழித்துக்கொள்பவர்களாகிவிட்டோம். கீழே இறங்கினால் முருங்கைக்காய் கிடைக்கும், நல்லெண்ணெய் கிடைக்கும், திவசத்துக்கு வேண்டிய தர்ப்பையும் கிடைக்கும்.

மகன் ஆரூரன் எங்களோடுதான் இருந்தான். முப்பத்தொரு வயது. மின்தூக்கி திருத்துவது அவன் தொழில். பாரிஸ் முழுவதும் மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, மாலையில் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு நான்கு மாடி நடந்து ஏறுவதை அவனே பகிடியாகச் சொல்வான். ஒரு நாள் வேலைத்தளத்தில் அவன் தலைக்குள் ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. வைத்தியசாலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தபோது நான் வேறொருவருடைய வழக்கில் இருந்தேன்.

2

வழக்கு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நான் மெய்யியல் விரிவுரையாளன். இங்கே வந்து சில ஆண்டுகள் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினேன். பிரெஞ்சு ஓரளவு கைக்கு வந்த பின்னர் அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளனானேன். இன்றும் கூப்பிட்டால் போகிறேன். இந்தத் தொழிலில் ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்ல அனுமதியில்லை. முன்னால் இருப்பவர் ‘என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்றால் நானும் பிரெஞ்சில் ‘என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்றே சொல்ல வேண்டும். எதையும் சேர்க்கக் கூடாது; எதையும் விடக் கூடாது; குரல் ஏறவோ இறங்கவோ கூடாது. இவ்வாறு பிரெஞ்சு மொழியில் எனக்கு எத்தனையோ தம்பிகளும் தகப்பன்மாரும் பிள்ளைகளும் இறந்திருக்கிறார்கள். மாலையில் ரயிலேறி வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

மரணத்தைப் பதிவுசெய்ய நகரசபை அலுவலகத்துக்குப் பவளத்தையும் அழைத்துப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையானவர். பெயர், பிறந்த இடம், தொழில், இறந்த நேரம் என்று கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் பதிந்து முடித்ததும் அவர் பவளத்தைக் கனிவோடு பார்த்தார். பின் என் பக்கம் திரும்பி, தகப்பனார் வரவில்லையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான்தான் தகப்பன் என்றேன். அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. என் குரலைக் கேட்ட எவரும் அதையே கேட்டிருப்பார்கள்.

இறப்புச் சான்றிதழின் பிரதியை வங்கியும் காப்புறுதியும் தொலைபேசி நிறுவனமும் கேட்டன. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிரதியாக இருக்க வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். இந்த நாட்டில் ஒரு மரணத்தையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. புதிய பிரதிக்கு விண்ணப்பித்தேன்; வந்தது; அனுப்பினேன். இந்த ஓராண்டில் நான் செய்தவை பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைகள்தாம். அவற்றைச் செய்யச் சிரமமாக இருக்கவில்லை. எதுவுமே சிரமமாக இருக்கவில்லை.

3

ஆரூரனுக்குத் தமிழ் விளங்கும். பதில் பிரெஞ்சில் வரும். பவளத்துக்குப் பிரெஞ்சு கடைவரைக்கும்தான். ஆனாலும் தாயும் மகனும் தங்களுக்கிடையில் மொழிபெயர்க்க என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவனிடம் கொஞ்சம் தமிழ்ச் சொற்கள், அவளிடம் கொஞ்சம் பிரெஞ்சுச் சொற்கள், மீதியைக் கைகளால் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சொற்களில் ஒன்று கிழங்கு. ‘அம்மா, கிழங்கு’ என்று இரவு படுக்கப் போகும்முன் சொல்லுவான். அதன் பொருள், நாளைக்கு அவனுடைய மின்சட்டி வேலை செய்யப்போகிறது என்பது. பிரெஞ்சில் மிஜோத்தூஸ் என்பார்கள். உள்ளே மண்கலம்போல் கனத்த பீங்கான் சட்டி, வெளியே மின்சாரச் சூடு, மேலே கண்ணாடி மூடி. காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போனால் மாலைவரை தானே மெல்ல மெல்ல அவிந்துகொண்டிருக்கும். அவன் அதில் செய்தது ஒரே ஒரு சாப்பாடு: அரைத்த மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் பழகிய ருசி. அதற்குச் சோம்பேறியின் சாப்பாடு என்று பிரெஞ்சில் பெயர் வைத்திருந்தான்.

பவளம் மச்சம் மாமிசம் தொடாதவள். நான் மீனும் ஆடும் உண்பேன். மாடு இந்த வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. இதைப்பற்றி வீட்டில் சண்டை நடந்தது என்று எதிர்பார்ப்பீர்கள். நடக்கவில்லை. அவன் தன் சம்பளத்தில் சட்டியை வாங்கிவந்து, தனிக் கோப்பை, தனிக் கரண்டி வைத்துக்கொண்டு, தானே கழுவினான். பவளம் இரவே கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் போட்டுவைப்பாள். இறைச்சியைத் தொடமாட்டாள், கிழங்கு அவளுடையது.

நான் வழக்குகள் முடிந்து மாலையில் வரும்போது இரண்டாம் மாடியிலேயே அந்த மணம் தொடங்கும். எங்கள் வீட்டு வாசலில் அது கனத்து நிற்கும். கதவைத் திறக்கும்முன்பே தெரியும், இன்று இரவு மகன் வெளியே போகவில்லை, வீட்டில்தான் சாப்பிடுகிறான் என்று. எனக்கு அது பிடித்த மணம் என்று சொல்லமாட்டேன். எனக்கு அது ஒரு செய்தியாக இருந்தது.

4

எங்களில் ஒருவர் இறந்தால் எட்டாம் நாள் எட்டுச்செலவு நடக்கும். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன் இலையில் படைப்போம். மச்சம் உண்டவருக்கு மச்சம். குடித்தவருக்கு ஒரு சிறு போத்தலும் வைப்பதுண்டு. படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவோம். போனவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடுவதற்கு.

ஆரூரனுக்கு அது நடக்கவில்லை. திடீர் மரணம் என்பதால் பரிசோதனை; பிறகு பத்திரங்கள்; பிறகு தகனசாலையில் இடம் கிடைக்கக் காத்திருப்பு. எட்டாம் நாள் வந்தபோது அவன் இன்னும் குளிரறையில் இருந்தான். தகனமாகாமல் படைக்க முடியாது என்று பவளத்தின் தமையன் சிவபாதம் சொன்னார். அவர் பாரிசின் புறநகரான சார்செலில் இருப்பவர். கோயில் நிர்வாகத்தில் பழையவர். இவ்வகைக் காரியங்களில் எங்கள் குடும்பம் அவர் சொல்லைத்தான் கேட்கும். தகனம் முடிந்த பிறகு காடாத்து, அந்தியேட்டிச் சடங்குகள் மண்டபம் கிடைத்த நாள்களில் நடந்தன. அவற்றுக்கிடையில் எட்டுச்செலவு எங்கேயோ விழுந்துவிட்டது.

பவளம் அதை விடவில்லை. சத்தம்போட்டு அழுதவள் அல்ல. சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, இடைக்கிடையே ஒரே வசனம் வரும்: “பிள்ளைக்குப் பிடிச்சது ஒண்டும் வைக்கேல்லை.” அவன் பசியோடு போய்விட்டான் என்பதே அவளுக்கு மிஞ்சியிருந்த துயரம். நான் மறுத்து விவாதிக்கவில்லை. 

5

திவசம் கோயில் மண்டபத்தில் சைவச் சாப்பாட்டோடு முடிந்தது. மாலையில் மச்சான் சிவபாதமும் எங்களோடு வீட்டுக்கு வந்தார். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுப் பவளம் விஷயத்தைச் சொன்னாள்: நாளைக்கு மகனுக்குப் படைக்கப்போகிறாள், அவன் சாப்பிட்டதைத்தான் படைக்கப்போகிறாள்.

மச்சானுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார்.

“ஆட்டிறைச்சி வை. கணவாய் வை. இறால் வை. வேணுமெண்டா ஒரு போத்தில் பியரும் நானே வாங்கித் தாறன். இதை மட்டும் வேண்டாம் பவளம்.”

“ஆட்டுக்கறி வைச்சா அவன் எழும்பிப் போயிடுவான் அண்ணை. ஆட்டு மொச்சை மணக்குதெண்டு சின்னனிலையே கோப்பையைத் தள்ளினவன்.”

“சாமிப்படம் இருக்கிற வீடு.”

“அப்ப சாமியை ஒரு நாளைக்கு உங்கட வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. போன பிள்ளைக்கு ஒரு நேரம் விட்டுக்குடுக்க மாட்டாரோ?”

மச்சான் என் பக்கம் திரும்பி, “நீர் படிச்சனீர், நீர் சொல்லும்,” என்றார். ஆட்டிறைச்சி வேண்டாம் என்கிறாள், மகன் உண்டதைத்தான் வைக்க வேண்டும் என்கிறாள் என்றேன்.

“அது எனக்கும் தமிழிலைதான் கேட்டது மச்சான். நான் உம்மட்டைக் கேக்கிறன்.”

பவளமும் என்னைப் பார்த்தாள். அவள் இறைச்சியைத் தொடமாட்டாள். நான் இல்லையென்றால் அந்தச் சட்டி அலுமாரிக்கு மேலேயே இருக்கும்; அவள் அந்த வசனத்தைத் தன் இறுதிவரை சொல்லிக்கொண்டிருப்பாள். வெளியே மெத்ரோ ஒன்று போனது. அது போய் முடிந்த பிறகு, “நான் சமைக்கிறன்,” என்றேன்.

மச்சான் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். வாசலில் நின்று, நாளைக்கு வருவேன், ஆனால் உள்ளே வரமாட்டேன் என்றார்.

6

இறைச்சிக் கடைக்காரர் அல்ஜீரியர்; என்னை நீண்டகாலம் தெரிந்தவர். இன்றைக்கும் ஆடுதானே என்று கத்தியை எடுத்தார். அரைத்த மாட்டிறைச்சி என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டார். ஒருவருக்கு என்றேன். தனியாகச் சாப்பிடும் மனிதனுக்கு ஒரு கைப்பிடி அதிகம் வேண்டும் என்று சொல்லி, நிறுத்ததற்கு மேலே இன்னும் கொஞ்சம் வைத்துச் சுற்றிக் கொடுத்தார்.

செய்முறையை மகள் யாழினி தொலைபேசியில் சொன்னாள். அவள் தமையனிடம் பழகியவள், சார்செலில் இருக்கிறாள், ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. காலையில் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடி பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் சொன்னாள். அதைச் செய்ய விரும்பும் சோம்பேறிகளுக்காக இங்கே எழுதுகிறேன். கிழங்கைத் தடித்த வட்டமாக வெட்டி அடியில் பரப்ப வேண்டும். அதுதான் வேகத் தாமதமாகும். இறைச்சியை வெங்காயத்தோடு தாச்சியில் நிறம் மாறும்வரை வதக்கி, மேலே வந்த கொழுப்பை வடித்துவிட வேண்டும். தக்காளிக் கூழ், உள்ளிப்பூண்டு, காய்ந்த தைம் இலை, மிளகு, உப்பு, ஒரு சிறு கோப்பை தண்ணீர். இறைச்சியைக் கிழங்கின்மேல் கொட்டி, மூடி, குறைந்த சூட்டில் மாலைவரை விட வேண்டும். தமையன் இதற்குமேல் எதுவும் போடமாட்டான், கறித்தூள் போடவேண்டாம் என்று இரண்டு தரம் எச்சரித்தாள்.

“மூடியைத் திறக்கக் கூடாது அப்பா. ஒருக்காத் திறந்தா அந்தச் சூடு திரும்பி வர அரை மணித்தியாலம் எடுக்கும் எண்டு அண்ணா கத்துவான்.”

கத்துவான் என்று சொன்ன பிறகு ரயில் நிலையத்தின் அறிவிப்புச் சத்தம் கேட்டது. பின்னர் மாலையில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

கிழங்கை முந்தின இரவே பவளம் சீவித் தண்ணீரில் போட்டிருந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. நான் வெட்டினேன், வதக்கினேன், வடித்தேன். மூடிய பிறகு செய்ய ஒன்றும் இல்லை. மூடியைத் திறக்கக் கூடாது என்பது சட்டியின் விதி. படைக்கும் உணவை முன்னதாக ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதால் நான் ஒரு கதிரையில் அமர்ந்து அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்தது. எனக்கு ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். நண்பகலும் கடந்தது.

7

மச்சான் சொன்னபடி மாலையில் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். பவளம் முருகன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, துவாயில் சுற்றி, கடைப்பை ஒன்றில் வைத்து அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

யாழினி இன்னும் வரவில்லை. ரயில் தாமதம். மகன் வேலையால் வந்ததும் சாப்பிடுகிறவன், அவனைக் காக்கவைக்கக் கூடாது என்றாள் பவளம். மகனின் படத்துக்கு முன் இலை போட்டு விளக்கேற்றினோம். நான் முதன்முறையாக மூடியைத் திறந்து, அவனுடைய கோப்பையில், அவனுடைய கரண்டியால் எடுத்து வைத்தேன். பவளம் பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர் வைத்தாள்.

பிறகு கதவைச் சாத்த வேண்டும். ஊர் வீடுகளில் அறைக்கதவைச் சாத்திவிட்டு விறாந்தையில் நிற்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே அறைகள். ஒன்று மகனுடையது, அவன் போன நாளிலிருந்து பூட்டியபடியே இருக்கிறது. மற்றது சமையல், சாப்பாடு, எங்கள் படுக்கை எல்லாம் சேர்ந்தது, அதற்குத்தான் வெளிவாசல். ஆகவே நாங்கள் இருவரும் மச்சானோடு படிக்கட்டு மேடைக்கு வந்தோம். கைகளில் முருகனை வைத்திருந்த மச்சான் காலால் கதவை இழுத்துச் சாத்தினார்.

இந்த நாட்டு வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்புறத்தில் திருகும் பிடி கிடையாது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். திறப்பு கையில் இல்லாதவர் வெளியேதான். வந்த முதல் குளிர்காலத்திலேயே எல்லோரும் படிக்கும் பாடம் இது. நான் வேட்டியில் நின்றேன். திறப்பும் கைத்தொலைபேசியும் கழற்றிப்போட்ட காற்சட்டைப் பையில் இருந்தன. முன்பெல்லாம் இப்படியானால் ஆரூரனைத்தான் கூப்பிடுவோம்.

மச்சான் பையை ஒரு கைக்கு மாற்றித் தன் தொலைபேசியில் யாழினியை அழைத்தார். மேலதிகத் திறப்பு அவளிடம் இருக்கிறது. ஆனால் ரயில் இடையில் நிற்கிறதாம், ஒரு மணித்தியாலமாவது ஆகும் என்றாளாம். பூட்டுத் திறப்பவனைக் கூப்பிடலாம், பத்து நிமிடத்தில் வருவான் என்றேன்.

பவளம் படியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டாள்.

“ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம். ஒரு வருஷத்துப் பசி. ஆறுதலாச் சாப்பிடட்டும்.”

மச்சானும் நானும் நின்றோம். படிக்கட்டு விளக்கு தானே அணைந்தது; நான் பொத்தானை அழுத்தினேன்; எரிந்தது. மணம் கதவிடுக்கால் வந்துகொண்டிருந்தது. மச்சான் மூக்கைப் பொத்துவார் என்று நினைத்தேன். அவர் சிறிது நேரம் கதவையே பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

“உப்புப் போட்டனீரோ மச்சான்?”

“யாழினி சொன்ன அளவு போட்டனான். ருசி பார்க்கேல்லை.”

“பார்க்கக் கூடாதுதான்,” என்றார். அவரும் ஒரு படி மேலே தள்ளி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு பிரெஞ்சுப் பெண்மணி கீழிருந்து ஏறிவந்தார். மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். எங்கள் வீட்டு விவரம் தெரியாதவர். வேட்டியோடு ஒரு மனிதன், படிகளில் இரண்டு வயதானவர்கள், மூடிய கதவு. நின்று, உள்ளே ஒருவரும் இல்லையா, உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டார்.

“என்னவாம்?” என்றாள் பவளம்.

“உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையோ எண்டு கேக்கிறா.”

“ஏன் இல்லாம? மகன் நிக்கிறான், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் எண்டு சொல்லுங்கோ.”

மச்சான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி, தொழிலில் செய்வதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு, பிரெஞ்சில் சொன்னேன்: என் மகன் உள்ளே இருக்கிறான், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எதையும் சேர்க்கவில்லை; எதையும் விடவில்லை. மகன் என்ற இடத்தில் குரல் சற்று நின்றது. பிறகு தொடர்ந்தது.

அந்தப் பெண்மணி தலையசைத்தார். ஏதோ சொல்லிவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

“என்ன சொன்னவ?”

“நல்ல மணமாம்.”

“ஓம்,” என்றாள் பவளம்.